பணம் போன ஊர்கள்: காளையார்கோவில் குறிப்புகள்

இரண்டு கோபுரங்கள். சின்னது பாண்டியர் காலம் என்கிறார்கள். பெரியது மருதுபாண்டியர் கட்டியது.

பெரிய கோபுரத்துக்குச் செங்கல் மானாமதுரையிலிருந்து வந்ததாம். வழிநெடுக ஆட்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

பிந்திய திருப்பணிகள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், செய்தவை. அவற்றுக்கு இப்படி ஒரு கதை கிடையாது. செங்கல் வந்த வழி ஊருக்கு மனப்பாடம். பணம் வந்த வழியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். பர்மா. மலேயா. கொழும்பு. சைகோன்.

அந்த ஊர்க்காரர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள்? கொஞ்ச நாளாக இதே யோசனை.

*

இந்த ஊர் முதலில் பார்த்த இங்கிலாந்து ஒரு கம்பெனி.

1772 ஜூன். கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார்.

இங்கிலாந்து ராஜா படையெடுத்து வரவில்லை. லண்டனில் பங்குதாரர்கள் கூடி லாபம் பிரித்துக்கொள்ளும் ஒரு வியாபாரக் கம்பெனி, ஆற்காட்டு நவாபோடு சேர்ந்து வந்தது.

காரணம்: கப்பப் பாக்கி.

நவாப் முகமது அலிக்குப் பணம் வேண்டும். நவாபே பெரிய கடனாளி. கடன் கொடுத்தவர்கள் சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஆங்கிலேயர்கள். உத்தியோகம் ஒரு பக்கம், சொந்த வட்டிக்கடை ஒரு பக்கம். ஈடு என்ன? சீமைகளின் வரி வசூல்.

பால் பென்ஃபீல்டு என்று ஒருவர். அவர் கொடுத்த கடனுக்குத் தஞ்சாவூர் வருமானத்தில் பங்கு கேட்டார். அந்தச் சண்டையில் 1776இல் சென்னை கவர்னர் பிகட்டையே சொந்த கவுன்சில் கைது செய்தது. காவலிலேயே அடுத்த வருடம் இறந்தார்.

1785 பிப்ரவரி 28. லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றினார். தன் நாட்டு வட்டிக்காரர்கள் ஒரு தேசத்தை என்ன செய்தார்கள் என்று.

சிவகங்கைச் சீமையில் அதைக் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இங்கே தெரிந்த இங்கிலாந்துக்குக் கையில் துப்பாக்கி. அதற்குக் கடன் கணக்கும் உண்டு என்பது தெரியாது.

*

எழுத்தாளர் பிளினி. கி.பி. முதல் நூற்றாண்டு. ரோமாபுரி.

வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று குறைபட்டிருக்கிறார். மிளகு, முத்து, இன்ன பிற.

அவர் இந்தியா வந்ததில்லை. சரக்குப் பட்டியலை வைத்துத்தான் ஒரு நாட்டை எடைபோட்டார்.

கீழடி இதே மாவட்டம். அங்கே கிடைத்தவற்றில் ரோமானிய அரிட்டைன் வகைப் பாத்திர ஓடு உண்டு. சிவப்பு, வழவழப்பு. ரோமாபுரி இங்கே வந்து சேர்ந்தது சாப்பாட்டு மேசைச் சாமானாக.

நம்மை அவர்கள் நினைத்தது: காசை விழுங்குகிறவர்கள்.

*

காரைக்குடி, பழம்பொருள் கடைகள். ஒரு எனாமல் தூக்குச்சட்டி. வெள்ளையில் நீலக்கரை. அடியில் ஸ்வீடன் முத்திரை.

மூடியின் உள்பக்கம் தமிழில் மூன்று எழுத்து, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தியது. வீட்டு விலாசம், குடும்பத்தின் முன்னெழுத்துகள். சீதனச் சாமான்.

ஸ்வீடன் தொழிலாளி ஒருவர் சூளையில் சுட்டது. அதைப் பயன்படுத்திய பெண்ணுக்கு ஸ்வீடன் என்றால் உடையாத தூக்குச்சட்டி. வேறு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. மதிப்பாகத்தான் நினைத்திருப்பாள்.

கடைக்காரர் விலை சொன்னார். வாங்கவில்லை. மூடியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

*

கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிக்காட்டும் தம்பிகள் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. தேக்கு பர்மா. சலவைக்கல் இத்தாலி. ஓடு ஜப்பான். கண்ணாடி பெல்ஜியம்.

நான்கு நாடுகள், நான்கு சாமான்கள்.

இத்தாலிக்கும் பெல்ஜியத்துக்கும் விலை கொடுத்தோம். பர்மாவில் வட்டி வாங்கி, அந்த வட்டியில்தான் இந்த நான்கும் வந்தன. வரிசையில் இது வராது.

2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதி என்ற பெயரில். பாரிஸிலிருந்தும் பெர்லினிலிருந்தும் வந்து தூண்களைப் படம் எடுக்கிறார்கள். நம் வணிகத்தின் முகம் அவர்களுக்கு ஒரு முற்றம், ஒரு தேக்குத்தூண்.

பர்மா டெல்டாவில் வட்டிக்கு நிலம் இழந்தவர் வீட்டுப் பேரன் வந்து இந்தத் தூண் பக்கத்தில் நின்றால் எதைப் படம் எடுப்பார்?

*

ரங்கூன், மொகல் தெரு. செட்டியார் கிட்டங்கிகள்.

நீளக் கூடம். நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு சாய்வுப் பெட்டி, அதன்மேல் பேரேடு. ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஆளுக்கு ஒரு விலாசம்.

மேலாள். அடுத்தாள். பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊர். பிறகு மறுபடி கப்பல்.

பெரும்பாலும் குடும்பம் இங்கேதான். ஆச்சிமார் பர்மாவைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த பர்மா தேக்கும் தபாலும் பணமும்.

சாமிக்கும் கணக்கு உண்டு. மகமை. வருமானத்தில் தர்மத்துக்கு எடுத்து வைத்ததில் சத்திரம் வந்தது, பாடசாலை வந்தது, கும்பாபிஷேகம் வந்தது. கணக்கில் ஒரு காசு பிசகாது. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

*

ஒரு வீட்டில் பழைய பேரேடு பார்க்கக் கொடுத்தார்கள். குறுகலாக, நீளமாக. துணி அட்டை. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது.

முதல் வரி சிவமயம். பிறகு தமிழ் வருடம், மாதம், தேதி. எண்களும் தமிழில்.

பர்மாக்காரர் பெயர்கள் தமிழில் எழுதியிருக்கின்றன. ஒரு பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக. கேட்ட மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

பெயரை இங்கே எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒரு பற்றுக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்ன எழுத்தில்: மாடு செத்தது, அடுத்த வெள்ளாமைக்குத் தருகிறதாகச் சொன்னது.

அடுத்த வெள்ளாமைக்குத் தந்தாரா, தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.

எழுதியவர் அந்த மாடு செத்ததைக் கேட்டிருக்கிறார். குறித்திருக்கிறார். வட்டியையும் குறித்திருக்கிறார்.

*

1929-30. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு.

அவர்கள் கணக்கில் பர்மா முழுக்கச் சுமார் 1,650 செட்டியார் கடைகள். புழங்கிய பணம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய்.

75 கோடி. அன்றைய ரூபாயில். காரைக்குடியைச் சுற்றிய வறண்ட ஊர்களிலிருந்து போன ஆட்களின் கையில்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் கவர்னராக இருந்தவர் சர் ஹார்கோர்ட் பட்லர். செட்டியார்களின் வங்கிமுறை இல்லாவிட்டால் பர்மா இந்த அளவு முன்னேறியிருக்காது என்ற பொருளில் வெளிப்படையாகப் பாராட்டினார்.

குழுவிடம் கரேன் இனத்துச் சாட்சி ஒருவர் சொன்னது வேறு. போகும் இடமெல்லாம் நிலத்தைப் பொசுக்கும் நெருப்பு நாகங்கள் என்ற பொருளில்.

கவர்னருக்கும் சாட்சிக்கும் தெரிந்தது அதே கடைகள்தான். காலமும் கிட்டத்தட்ட அதே காலம்.

ஷான் டர்னெல் என்ற ஆஸ்திரேலியப் பொருளியலாளர் பர்மாவின் வங்கிகள் பற்றி 2009இல் புத்தகம் எழுதினார். தலைப்புக்கு அவர் எடுத்தது சாட்சியின் சொல். கவர்னரின் சொல்லை எடுக்கவில்லை.

ஆனால் உள்ளே அவர் செட்டியார்களை வெறும் வில்லன்களாக எழுதவில்லை. தலைப்பைத் தாண்டிப் படிக்க வேண்டும்.

*

நெல் விலை 1930க்குப் பின் பாதிக்கும் கீழே விழுந்தது. உலகம் முழுக்க மந்தம்.

கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்கள். 1930இல் சாகுபடி நிலத்தில் செட்டியார் கையில் இருந்தது நூற்றுக்கு 6. 1937இல் நூற்றுக்கு 25.

ஏழு வருடம். நாலில் ஒரு பங்கு.

*

நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. இதைப் பல ஆவணங்களும் சொல்கின்றன. கடன் கொடுப்பவருக்குச் சுழலும் பணம்தான் உயிர். வயலில் மாட்டிக்கொண்டால் முடங்கியது.

ஒரு ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பச்சி பெகு பக்கம் கொண்டுவிக்கப் போனவர்.

"ஆச்சி, அப்பச்சி அங்க நெலம் வச்சிருந்தாகளா?"

"இருந்துச்சு. வேணும்னு வாங்கல. பணம் வரல, நெலம் வந்துச்சு."

"நெலத்துக்காரக என்ன ஆனாக?"

"அதெல்லாம் அப்பச்சி பேசமாட்டாக. கேட்டா, கணக்கு முடிஞ்சு போச்சும்பாக."

பிறகு காபி கொடுத்தார். பேரன் பெங்களூரில் வேலை பார்ப்பதைச் சொன்னார்.

*

பர்மா நெல்லை மொத்தமாக வாங்கியது ஐரோப்பியக் கம்பெனிகள். பெரியது ஸ்டீல் பிரதர்ஸ். நான்கு கம்பெனிகள் சேர்ந்து விலை பேசி வைத்துக்கொண்டு வாங்கியதும் உண்டு.

செட்டியார் கடைகளுக்கு மேலே இம்பீரியல் வங்கி, லாயிட்ஸ் வங்கி. நெருக்கடியில் அவர்கள் கடனை இறுக்கினார்கள்.

வங்கி மேலாளரை டெல்டா விவசாயி பார்த்ததில்லை. ஸ்டீல் பிரதர்ஸ் துரையையும் பார்த்ததில்லை. தினமும் பார்த்தது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, பேரேட்டோடு வந்த ஒருவரை.

*

மலேயாவிலும் வட்டிக்கடைதான். அதே ஊர்க்காரர்கள், அதே மூன்று வருடக் கணக்கு, அதே தண்டாயுதபாணி கோவில்.

அங்கே 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. மந்தத்தில் சிறு நிலக்காரர்கள் நிலம் வட்டிக்காரரிடம் போய்விடும் என்ற பயத்தில் 1933இல் இறுக்கினார்கள். ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு ஈடு வைக்க முடியாது.

பர்மாவில் நிலம் கைமாறிப் போவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பல முறை பேசினார்கள், விட்டுவிட்டார்கள். வந்தது 1941இல். ஜப்பான் குண்டு விழுந்ததும் அதே வருடம், டிசம்பரில்.

*

பினாங்கு தைப்பூசம். வெள்ளி ரதம். கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை போகும் வழியில் சீனர்கள் தேங்காய் குவித்து உடைக்கிறார்கள். மலைமலையாக. தெருவே வெள்ளை.

உடைப்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. வேண்டுதல் உண்டு.

பினாங்கில் நகரத்தார் என்றால் அந்த ரதம் ஞாபகம் வருகிறது.

யாங்கோனில், அன்றைய ரங்கூனில்?

*

பினாங்குக்கு இந்தச் சீமை ஆட்கள் வட்டிக்கடைகளுக்கு முன்னும் போயிருக்கிறார்கள். காசில்லாமல். விலங்கோடு.

1801 அக்டோபரில் காளையார்கோவில் கம்பெனிப் படையிடம் விழுந்தது. அதே மாதம் 24 திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பல். நாடு கடத்தப்பட்டவர்கள் 73 பேர். பினாங்குக்கு அப்போது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அந்தக் கப்பலில் போனவர். சிறுவன்.

கப்பல் ஏறும்வரை காவல் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர். 1830இல் நினைவுக்குறிப்பு எழுதினார்.

1818இல் பினாங்கில் துரைச்சாமியை மறுபடி பார்த்ததை எழுதியிருக்கிறார். ஆள் உருக்குலைந்திருந்தார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை.

சின்ன மருதுவைப் பற்றி வெல்ஷ் மரியாதையாக எழுதினார். அந்தப் புத்தகம் லண்டனில் அச்சானது. இந்த ஊரைப் பற்றி இங்கிலாந்துக்குப் போன நல்ல சொல், தோற்றவரோடு பழகிய ஒரு சிப்பாய் அதிகாரி வழியாகப் போயிருக்கிறது.

பிற்பாடு அதே தீவில் கிட்டங்கி போட்ட தேவகோட்டைக்காரர்களுக்கு இந்த 73 பேரைப் பற்றித் தெரிந்திருக்குமா?

*

1931 கணக்கெடுப்பு. ரங்கூனில் ஏறக்குறைய 4 லட்சம் பேர். அதில் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கு மேல் இந்தியர். பாதிக்கு மேல்.

பர்மா முழுக்க இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். மூட்டை தூக்குபவர், ரிக்‌ஷா இழுப்பவர், அறுவடைக்கு வந்தவர், ரயில்வே குமாஸ்தா.

அதில் வட்டிக்கடைக்காரர்கள் சில ஆயிரம்.

*

1930 மே 26. ரங்கூன் துறைமுகம். கூலி உயர்வு கேட்டுத் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். பதிலுக்கு பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். நிறுத்தம் முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டுப் பழையபடி தெலுங்கர்கள். கலவரம்.

நூற்றுக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் மூட்டை தூக்கியவர்கள்.

அவர்கள் யாருக்கும் கடன் கொடுத்தவர்கள் இல்லை. கடனில் வந்தவர்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பல் ஏறியவர்கள்.

இதை எழுதும்போது கை நிற்கிறது.

*

1937 பிப்ரவரி 10. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். ஒரே நாளில் மூன்று ஊரில் திறப்பு: சென்னை, காரைக்குடி, ரங்கூன்.

அதே 1937, ஏப்ரல் 1. பர்மா இந்தியாவிலிருந்து பிரிகிறது.

இரண்டு மாதம்கூட இல்லை. திறக்கும்போது ரங்கூன் கிளை உள்நாடு. ஏப்ரலில் வெளிநாடு.

சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச் 13 சிங்கப்பூர் காலாங் விமான விபத்தில் இறந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை.

*

1942. லட்சக்கணக்கானவர்கள் பர்மாவிலிருந்து காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது.

பத்திரங்களைத் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நிலம் அங்கே, காகிதம் இங்கே.

1948இல் நில தேசியமயச் சட்டம். 1962இல் நெ வின்னின் ராணுவ ஆட்சி. 1964 மே 17இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. இந்தியர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு.

வந்தவர்களில் பெரிய முதலாளிகள் குறைவு. அவர்கள் பலர் முன்பே பணத்தை ஊருக்குத் திருப்பியிருந்தார்கள். பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் மோல்மீனிலிருந்து அப்படித் திரும்பி, 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. ஹெர்குலிஸ்.

1964இல் கப்பலில் வந்தவர்கள் தையல்காரர், கடைச் சிப்பந்தி, பால்காரர், சின்ன வியாபாரி.

*

காரைக்குடியில் பர்மா காலனி. பஸ் நிறுத்தத்தின் பெயரே அதுதான்.

அத்தோ. நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், கையால் பிசைந்து. மொய்ங்கா. வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பு.

பர்மா என்றால் இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு. நல்ல ஞாபகம்.

அடித்து விரட்டப்பட்டவர்கள் கொண்டுவந்த நல்ல ஞாபகம். அவர்கள் அந்த நாட்டைத் திட்டி நான் கேட்டதில்லை. மழையைப் பற்றிச் சொல்வார்கள், ஆற்றைப் பற்றிச் சொல்வார்கள்.

*

ஹைகோர்ட் பக்கத்து பர்மா பஜார், சென்னை, 1969. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அரசு கொடுத்த கடைகள். விற்றது ஜப்பான் டேப்ரிக்கார்டர், சிங்கப்பூர் சென்ட்.

*

இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம். 2017. சீனக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகை. 112 கோடி டாலர்.

இலங்கையின் மொத்த வெளிக்கடனில் சீனாவின் பங்கை விடச் சந்தைக் கடன்பத்திரங்களின் பங்கு பெரியது. அந்தப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு முகம் கிடையாது. யார் என்றுகூடச் சாதாரண ஆளுக்குத் தெரியாது.

துறைமுகத்துக்கு முகம் இருக்கிறது. கொடி இருக்கிறது. பலகையில் எழுத்து இருக்கிறது.

*

எத்தியோப்பியா, கம்பெல்லா. பெங்களூரைச் சேர்ந்த கரூத்தூரி கம்பெனியின் விவசாயக் குத்தகை. முதலில் பேசியது 3 லட்சம் ஹெக்டேர். பிறகு 1 லட்சம். 2015 கடைசியில் எத்தியோப்பிய அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

அந்த வயல்களின் ஓரத்தில் வாழ்ந்த அனுவாக் மக்கள் இந்தியா என்று கேட்டால் எதை நினைப்பார்கள்? காந்தியையா? சினிமாவையா?

டிராக்டரைத்தான்.

*

இங்கே கொரியா எப்படித் தெரியும்? இருங்காட்டுக்கோட்டை. 1996இல் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல், 1998இல் சான்ட்ரோ.

அதற்கு முன் கொரியா என்றால் பள்ளிப் பாடத்தில் ஒரு போர். இப்போது கார், செல்போன், சீரியல், பாட்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹோட்டல் பலகையில் கொரிய எழுத்து.

2024 செப்டம்பர் 9. சாம்சங் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். ஒரு மாதத்துக்கு மேல். கேட்டதில் முக்கியமானது சங்கத்துக்கு அங்கீகாரம்.

பந்தலில் உட்கார்ந்திருந்த பையன்கள் பலர் தெற்கத்தி மாவட்டத்துக்காரர்கள். அந்த மாதம் அவர்கள் கொரியாவைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள், பாட்டு கேட்கும் தங்கச்சி வீட்டில் என்ன நினைத்திருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு கொரியா.

ஃபின்லாந்தும் அப்படித்தான். நோக்கியா, 2006. எத்தனையோ கிராமத்துப் பெண்களுக்கு முதல் சம்பளம், முதல் வங்கிக் கணக்கு. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளையும் நின்ற நாளையும் சேர்த்துச் சொல்லாமல் யாரும் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

*

காளீஸ்வரா மில் பி யூனிட், காளையார்கோவில். தேசிய ஜவுளிக் கழகத்தினுடையது. 2020 மார்ச் ஊரடங்கில் கழகத்தின் மில்கள் நின்றன.

மில்லில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது சிங்கப்பூர், துபாய், கத்தார்.

பஸ் நிலையத்தில் ஒரு தம்பி. பெட்டியைப் புதுக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். முதல் தடவை.

"எங்க தம்பி?"

"சிங்கப்பூர்ண்ணே. கன்ஸ்ட்ரக்‌ஷன்."

"கடனா?"

"ஆமாண்ணே. ஏஜெண்டுக்குக் கட்டணும்ல. அம்மா நகைய வச்சிருக்கு."

அங்கே போய் அவன்தான் இந்தியா. அவன் வேலை, அவன் உடை, ஞாயிற்றுக்கிழமை அவன் உட்காரும் புல்வெளி. இந்தியா அங்கே போட்ட முதலீட்டுக் கணக்கில் அவன் அம்மாவின் நகை வராது.

ரங்கூன் துறைமுகத்துத் தொழிலாளி ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று நினைத்தும் வந்தது.

*

சைகோனில் தண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. விளக்கு எரிகிறது. பக்கத்துக் கடைக்கார வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுப் போகிறார்கள். யார் கட்டியது என்பது அவர்களுக்குத் தேவையாகவும் இல்லை.

கொழும்பில் ஒரு செட்டியார் தெரு. இப்போது முழுக்க நகைக்கடை. ஆடிவேல் ரதம் போகும்.

*

அழகப்ப செட்டியார், கோட்டையூர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரியில் திறந்தார்கள். கல்லூரிகள் வேறு.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார், சிதம்பரத்தில் பல்கலைக்கழகம், 1929.

கடல் கடந்து சம்பாதித்த பணம் இந்த மண்ணில் பள்ளிக்கூடமாக நின்றதில் எனக்குப் பெரிய மரியாதை. படித்து முன்னேறிய எத்தனை குடும்பங்கள். எங்கள் வீட்டிலும் உண்டு.

டெல்டாவில் அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் பர்மியப் பிள்ளைகளுக்கு நின்றிருந்தால்?

நின்றும் இருக்கலாம். தேட வேண்டும். மனசு அப்படி ஒன்று கிடைக்கட்டும் என்கிறது.

*

மொகல் தெருப் பேரேடுகள் நம் வீடுகளில் இருக்கின்றன. கடன் வாங்கியவர்களின் பெயரும் ஊரும் ஈடு வைத்த நிலமும் அவற்றில். பர்மாவில் அந்தக் குடும்பங்களிடம் இந்த அளவுக்குக் காகிதம் இருக்குமா என்பது சந்தேகம்.

அவர்கள் வீட்டு வரலாறு நம் பரணில்.

எடைக்குப் போடுகிறார்கள். கண்ணால் பார்த்தேன். கிலோ கணக்கில்.

*

செய்ய வேண்டியவை.

ஒன்று. பேரேடு வைத்திருக்கும் வீடுகளில் சொல்லி வைப்பது: எடைக்குப் போடாதீர்கள், படம் எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள்.

இரண்டு. பர்மா காலனியில் எண்பது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து கேட்பது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார், கடைசி நாள் அவர் என்ன செய்தார். அரசாங்கம் செய்தது தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் செய்தது எங்கும் எழுதப்படவில்லை.

மூன்று. வங்கி விசாரணைக் குழுவின் சாட்சியங்களை முழுதாகப் படிப்பது. செட்டியார் சங்கத்தார், வங்கி மேலாளர்கள், அதிகாரிகள் என்று நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். நிலம் போன விவசாயி எத்தனை பேர் பேசினார்கள், தனியாக எண்ண வேண்டும்.